சிவப்புத் துப்பாக்கி

"கூலி வேலைக்குப் போறவனா இருந்தாலும் சரிப்பா. பொய் சொல்றவனா மட்டும் இருக்கக் கூடாது."

பஸ் ஏறும்போது மகள் சான்ட்ரா சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்.

முதலில் பேசி முடித்த மாப்பிள்ளை துபாயில் இன்ஜினீயர் என்று சொல்லியிருந்தான். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவன் துபாய்க்கே போனதில்லை என்று. வீடு அதிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை.

அதனால் இந்த முறை அடைக்கலராஜ் யாரிடமும் சொல்லாமல், நீடாமங்கலத்தில் உரக்கடையைப் பூட்டிவிட்டு, தானே விசாரிக்கத் தஞ்சாவூர் வந்துவிட்டார். சரி என்றால் நாளை ஞாயிறு பூசையிலேயே சாமியார் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்துவிடுவார். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளைக்கு எலக்ட்ரானிக்ஸ் கடை என்று தரகர் சொல்லியிருந்தார். மாடிப்படி ஏறிப் பார்த்தால் கேம் சென்டர்.

"வாங்க சார்."

போட்டோவில் பார்த்த அதே முகம். ஜெரால்ட்.

"நாகப்பட்டினம் பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. சும்மா ஏறி வந்தேன்" என்றார் அடைக்கலராஜ்.

"அப்ப இதை ஆடிப் பாருங்க." பீரோ உயரத்துக்கு நின்ற ஒரு பழைய மெஷினைக் காட்டினான். "முப்பது வருஷத்து மெஷின் சார். நாகூர் கந்தூரிப் பொருட்காட்சியில செத்துக் கிடந்தது, நான்தான் உயிர் கொடுத்தேன். ஒரு ராக் பேண்டை முகமூடிக்காரனுங்க கடத்தி வெச்சிருக்கானுங்க. முகமூடியைச் சுடணும். கிட்டார் வெச்சிருக்கவங்களைச் சுட்டா நம்ம உயிர் போயிடும்."

ஒயரில் இரண்டு துப்பாக்கிகள் தொங்கின. அடைக்கலராஜ் சிவப்பை எடுத்தார்.

"சார், நீலத்தை எடுங்களேன்."

"ஏன், இதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல..."

கல்லூரியில் என்.சி.சி.யில் துப்பாக்கி சுட்டுப் பரிசு வாங்கியவர் அவர். முகமூடியின் நெஞ்சுக்கு நேரே பிடித்து அழுத்தினார். குண்டு ஒரு சாண் மேலே போய், பின்னால் மேடையில் நின்ற பாடகன்மேல் பாய்ந்தது. மறுபடி அழுத்தினார். டிரம்ஸ் அடிப்பவன் சாய்ந்தான். மூன்றாவதில் ஆட்டமே முடிந்துவிட்டது.

"மேல மேல போகுதே தம்பி!"

"மெஷின் பழசு சார். அப்படித்தான்."

சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு மெஷினுக்குப் பின்னால் போனான். அடைக்கலராஜ் எட்டிப் பார்த்தார். எதையோ துளி திருகினான். பலகையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினான். அதற்கு மேலே அதே மாதிரி ஏழெட்டுக் கோடுகள். வாரத்துக்கு ஒன்று.

பழசாம்! இவனே திருகிவைத்துவிட்டு, வருகிறவனைத் தோற்கடித்து, இன்னொரு ஆட்டம் ஆடவைக்கிறான்.

போனை எடுத்தார். 'வேண்டாம்மா. இவனும்' என்று அடிப்பதற்குள் படியில் குரல் கேட்டது.

"என் துப்பாக்கிய யாருக்காச்சும் குடுத்துட்டியா தம்பி?"

கீழே படியோரம் பூ விற்கிற அம்மாள். வரும்போதே கவனித்திருந்தார். வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் முழம் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத்தான் நாகம்மாக்கா. வாங்க."

நாகம்மாள் சிவப்புத் துப்பாக்கியை வலது கையில் வாங்கினார். கை மெல்ல மெல்ல எழுந்தது. இடுப்பு. நெஞ்சு. பல்லைக் கடித்துக்கொண்டு, தோள் வரைக்கும்.

"விடுங்கடா அந்தப் புள்ளைங்கள! கச்சேரி பண்ண வந்தவன புடிச்சுக் கட்டிப் போடுவியா? முடி வெட்டலன்னா அவங்க ஆத்தா கேட்டுக்குறா, உனக்கு என்னடா?"

டப். முகமூடி விழுந்தது. டப், டப். இன்னும் இரண்டு.

"வர வர ரொம்பத் தூக்க வேண்டியிருக்கே தம்பி! முன்னெல்லாம் இடுப்புல வெச்சே சுட்டேன்."

"மெஷின் பழசுக்கா. அப்படித்தான்."

அடைக்கலராஜின் விரல் போனிலேயே நின்றது. ஜெரால்டைப் பார்த்தார்.

அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மழையில இந்தப் படியிலதான் சார் வழுக்கி விழுந்தாங்க. தோள்பட்டை முறிஞ்சிடுச்சு. கட்டுப் பிரிச்சதும் கையைத் தூக்கித் தூக்கிப் பழகணும், இல்லன்னா அப்படியே நின்னுடும்னு டாக்டர் சொன்னார். வலிக்குதுன்னு ஒருநாள்கூடச் செய்யல. அதான், இடுப்புல பிடிச்சாலே மேல போய் அடிக்கிற மாதிரி வெச்சேன். வாரம் கொஞ்சம் கொஞ்சமா குண்டை இறக்குறேன், அவங்க கையை இன்னும் கொஞ்சம் தூக்கணும். தெரிஞ்சா விட்டுடுவாங்க. சொல்லிடாதீங்க சார்."

நாகம்மாள் திரும்பினார். "சாரும் ஆடினீங்களா? துப்பாக்கி எப்படி?"

அடைக்கலராஜ் போனை இறக்கினார்.

"துப்பாக்கி நல்லாத்தாம்மா இருக்கு. எனக்குத்தான் குறி வரல."

"பழகப் பழக வந்துடும் சார். எனக்கு வரலையா?"

போன் அடித்தது. சான்ட்ரா. அடித்து வைத்திருந்த இரண்டு வார்த்தையை அழித்துவிட்டு, படிப்பக்கம் நகர்ந்தார்.

"என்னப்பா, பார்த்தீங்களா? பொய் சொல்றானா?"

"சொல்றான்மா. என் கண்ணு முன்னாடியே ரெண்டு தடவை சொன்னான்."

ரொம்ப நாளைக்குப் பிறகு அடைக்கலராஜுக்குச் சிரிப்பு வந்தது.

"அவனுக்காக நானும் ஒண்ணு சொல்லிட்டேன். சாமியாரை நாளைக்கே ஓலை வாசிக்கச் சொல்லிடும்மா."