குற்றம்: முடி நீளம்

"சார், என் ரூம் என்ன ஜெயிலா?"

தலைமை ஆசிரியரின் மேஜை மேல் ஒரு கத்தைச் சீட்டைத் தொப்பென்று போட்டார் பள்ளியின் கவுன்சலிங் மேடம்.

"என்னம்மா ஆச்சு?"

"உங்க பி.டி. மாஸ்டரைக் கேளுங்க! முடி நீளம், ஷூவுக்குப் பாலிஷ் இல்ல, வகுப்புல பேச்சுன்னு தினம் ஒருத்தனைப் பிடிச்சு, சீட்டு எழுதி என் ரூமுக்கு அனுப்பறார். ஒரு பீரியட் அங்க உட்காரணுமாம், அதான் தண்டனையாம். மனசு விட்டுப் பேச வர்ற இடம் சார் அது. இப்படிப் பண்ணினா எவன் வருவான்?"

நியாயமான கேள்விதான். சீட்டுக்கு முன்னால் எவன் வந்தான் என்பதை மட்டும் மேடம் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ரெண்டு மாசத்தில் அந்த அறைக்குள் வந்த ஒரே ஆள் ஃபேன் ரிப்பேர்காரர். அவரும் மனசு விட்டுப் பேசவில்லை, ஏணியைத்தான் விட்டுவிட்டுப் போனார்.

'பி.டி. மாஸ்டர் இனி யாரையும் அந்த அறைக்கு அனுப்பக் கூடாது' என்று அன்றைக்கே ஆர்டர் போட்டாகிவிட்டது.

பசங்க பி.டி. மாஸ்டருக்கு வைத்த பெயர் 'விசில்'. விசில் ஆர்டரை வாங்கிப் படித்தார், மடித்துப் பாக்கெட்டில் வைத்தார், ஒரு ஊது ஊதிவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டார்.

மேடத்துக்கு ஜெயித்த சந்தோஷம் புதன்கிழமை வரை இருந்தது.

புதன் மூணாவது பீரியட் ஒரு பதினோராம் வகுப்புப் பையன் வருவான். முதல் ரெண்டு தடவை தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூணாவது தடவைதான் வாயைத் திறந்தான். "ராத்திரி தூக்கமே வர்றதில்ல, மேடம். காலைல எதுக்கு எந்திரிக்கணும்னும் தெரியல." அதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை அடுத்த வாரம் சொல்கிறேன் என்று போயிருந்தான்.

இப்போது அதே பையன் கதவைத் தாண்டி நடந்து போனான். திரும்பி வந்தான். மறுபடியும் போனான்.

மேடம் எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, உள்ள வாயேன்."

"சீட்டு இல்லையே, மேடம்."

"சீட்டு எதுக்கு? சும்மா வா."

வராந்தாவில் நின்ற கூட்டாளிகளை ஓரக்கண்ணால் பார்த்தான் பையன். குரலைத் தாழ்த்தினான்.

"சும்மா வந்தா 'மெண்டல்'னு பேர் வச்சிருவாங்க, மேடம். சீட்டோட வந்தா, 'பாவம்டா, விசில்கிட்ட மாட்டிக்கிட்டான்'னுவாங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான். அவன் மீதியை யாரிடம் போய்ச் சொல்வான்?

சீட்டுக் கத்தையைப் பிரித்துப் பார்த்தார். 'வகுப்பில் பேச்சு' என்று பிடிபட்டவன், மாசக்கணக்கில் யாரோடும் பேசாதவன். 'ஷூவுக்குப் பாலிஷ் இல்லை' என்று பிடிபட்டவனின் ஷூவில் முகமே பார்க்கலாம். இந்தப் பையனுக்கு எழுதியிருந்த குற்றம், முடி நீளம்.

ஒட்ட வெட்டிய தலை! கிள்ளி எடுக்கக்கூட அதில் முடி கிடையாது.

மேடம் மைதானத்துக்கு ஓடினார்.

"சார், அந்தப் பையனுக்கு முடி நீளம்னு எழுதியிருக்கீங்க!"

"வளருமில்ல? முன்கூட்டியே எழுதிட்டேன்."

"விளையாடாதீங்க சார். அவனுக்கு மனசு சரியில்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விசில் வாயிலிருந்த விசிலை எடுத்தார். "காலடிக்கு உருண்டு வந்த பந்தை எந்தப் பயலும் சும்மா விடமாட்டான், மேடம். ஒரு உதை விடுவான். இவன் ரெண்டு மாசமா பந்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவனை ஐயோ பாவம்னு பார்ப்பீங்க. பசங்களுக்கு அது ஆகாது. சரி, நீங்கதான் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நேரா ஹெச்.எம். ரூமுக்குப் போயிட்டீங்க."

மேடத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "தப்புதான் சார். நாளைக்கே அவனுக்கு ஒரு சீட்டு எழுதுங்க."

விசில் பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். "ஆர்டர் இருக்கே! நான் அனுப்பக் கூடாதாம்."

மேடம் ஆர்டரை வாங்கி இன்னொரு தடவை படித்தார். "நீங்கதானே அனுப்பக் கூடாது?"

மறுநாள் காலை. பள்ளிக்கூடமே மைதானத்தில் வரிசையாக நின்றது. கவுன்சலிங் மேடம் ஒவ்வொரு வரிசையாக முறைத்துக்கொண்டே வந்தார். ஒட்ட வெட்டிய தலைக்கு முன்னால் நின்றார்.

"ஏய்! மேல் பட்டன் எங்கே?"

பையன் குனிந்து பார்த்தான். "இருக்கே, மேடம்."

மேடம் அதைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். பட்டன் கையோடு வந்துவிட்டது.

"எங்கே இருக்கு? காட்டு! மூணாவது பீரியட் மரியாதையா என் ரூமுக்கு வந்து சேரு!"

பையன் திருதிருவென்று விழித்தான். அப்புறம் அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு வெளியே வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

பின்வரிசையில் எவனோ முணுமுணுத்தான்:

"பாவம்டா அவன்! விசிலே தேவலாம் போல."