காவடிக்காரர்கள் தள்ளிய பிளசர் கார்

குன்றக்குடி சாலையில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. மாடு குறுக்கே வர, நிறுத்தியதில் அணைந்துபோன பிளசர் காரின் சாவியை டிரைவர் மலையாண்டி மறுபடி மறுபடி திருகிப் பார்க்கிறார். ‘டொக்’ என்பதோடு சரி. புதிதில் வாரக்கணக்கில் கிடந்தாலும் சட்டென்று உயிர் கொடுத்த பேட்டரி, இப்போது கிழடாகிவிட்டது. பின்சீட்டில் பிரசவ வலியில் பொன்னழகு கதவுப் பிடியை முறுக்குகிறாள். எதிரே காவடிக்காரர்கள் வருகிறார்கள். தோளில் ஏற்றியதை வழியில் இறக்க மாட்டார்கள். ஒரு கையால் காவடியைப் பிடித்தபடி மறு கையைக் காரின் முதுகில் வைத்து, “அரோகரா” என்று வந்த வழியே திரும்பித் தள்ளுகிறார்கள். மயிலிறகு கண்ணாடியை உரசுகிறது. கார் இருமி, உறுமி, ஓடத் தொடங்குகிறது.

“நிப்பாட்டுப்பா, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவோம்” என்கிறாள் பொன்னழகுவின் பக்கத்தில் இருக்கும் மாமியார் சோணையம்மாள்.

“வேணாம் அத்தை” என்று வலியோடு சிரிக்கிறாள் பொன்னழகு. “நின்னா அவுகதான் மறுபடியும் தள்ளணும்.”