அவசரத் தொடர்பு எண்

நகராட்சியின் சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வந்த பெண் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். சர்க்கரை உண்டா, தண்ணீர் தினமும் வருகிறதா, ஊருக்கு முதலில் என்ன வேண்டும். எல்லாவற்றுக்கும் முதுகை வளைக்காமல் பதில் சொன்னேன்.

"திடீர்னு நெஞ்சு வலின்னா யாருக்கு ஃபோன் போடணும் ஐயா?"

"யாருக்கும் வேண்டாம்."

"காலியா விட்டா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

குடும்ப மானத்தைப் பாராமல் தானே மாப்பிள்ளை தேடிக்கொண்டு போன மகள் மங்கையர்க்கரசியின் பெயரை, ஒன்பது வருடமாக இந்த வீட்டில் நான் உச்சரிக்கவில்லை. அவளுடைய எண்ணை என் மனைவி சாகும்முன் எழுதி வைத்திருந்த காகிதத்தைக் காரியம் முடிந்த அன்றே கிழித்தேன். கிழிக்கும் முன் ஒருமுறை படித்துவிட்டேன்.

பத்து இலக்கங்களையும் தடுமாறாமல் சொன்னேன்.

"என்ன உறவு?"

"தெரிஞ்சவங்க."

"போட்டுப் பாத்துத்தான் எழுதணும் ஐயா. நெறைய பேர் தப்பு நம்பர் குடுத்துடறாங்க."

நான் தடுப்பதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"சிவக்கொழுந்து ஐயா வீட்லேருந்து பேசறேம்மா, சர்வேக்கு. நீங்க தெரிஞ்சவங்கன்னு சொல்றாரு. சரிதானே?"

 ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தாள்.

"தெரிஞ்சவங்கதானாம். ஐயா சாப்பிட்டாச்சான்னு கேக்கறாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதால் "சரிம்மா" என்று வைக்கப் போனாள். வைக்க வேண்டாமென்று கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது.