ஒருமுறை சொன்னது

கணினிப் பயிற்சியில் விதி எளிது: டாக்டர் தவறு செய்தால் நர்ஸ் சொல்ல வேண்டும், அவர் கேட்காவிட்டால் இன்னொரு முறை சொல்ல வேண்டும். திரையிலிருந்த டாக்டர் இரண்டாம் முறை சொன்னதும் எப்போதும் கேட்டுக்கொள்வார். எனக்கு நூற்றுக்கு நூறு. "பொம்மை டாக்டர்ங்கிறதால மிரட்டுறீங்க பிரதர்" என்று சிரித்தார், அடுத்த கணினியில் அதே பயிற்சியைச் செய்துகொண்டிருந்த டாக்டர் இன்பராஜ்.

மறுவாரம் வார்டில் அவர் லாரி ஓட்டுநர் மாசிலாமணிக்குப் பென்சிலின் ஊசி எழுதினார்.

"சார், இவருக்கு அது ஒத்துக்காதுன்னு சீட்டுல இருக்கு."

"அது எந்தக் காலத்துச் சீட்டோ. போடுங்க பிரதர், இன்னும் இருபது பேரைப் பாக்கணும்."

சுற்றிலும் மாணவர்கள் நின்றார்கள். நான் போட்டேன். "வலிக்கவே இல்லியே தம்பி" என்றார் மாசிலாமணி. அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

விசாரணையில், நர்ஸ் எச்சரித்தாரா என்று இன்பராஜிடம் கேட்டார்கள்.

"ரெண்டு தடவை சொன்னார். நான்தான் கேக்கல" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தலை தூக்கி, "சரிதானே?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா மேடம்."

அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடும்வரை எனக்கு நேரம் இருந்தது.