இடப்பக்க வயிறு

"பல்லி விழுந்தது கேஷவோட இடப்பக்க வயித்துல. மகிழ்ச்சின்னு பஞ்சாங்கத்துலயே போட்டிருக்கு. டாக்டர் எதுக்கு?" என்ற கணவன் தோத்தாத்ரியையும், மூன்று மாதமாக வயிற்றுவலியில் சுருண்டு கிடந்த மகன் கேஷவையும் தாம்பரத்துக் குழந்தை மருத்துவரிடம் இழுத்து வந்திருந்தாள் ஸ்நேகா.

குடல் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படித்த டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "வீட்ல பல்லி உண்டா?"

ஸ்நேகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர், நீங்களுமா?"

"நெறைய இருக்கு சார்!" என்று துள்ளினான் தோத்தாத்ரி.

"அதான்! பல்லி எச்சத்துல இருக்கிற ஒரு பூஞ்சை, வாய் வழியா குடலுக்குள்ள போயிருக்கு. பயப்படாதீங்க. ஆறேழு மாசம் விடாம மருந்து கொடுத்தா சரியாயிடும்."

சொல்லிவிட்டு டாக்டர் மேஜையை ஓங்கித் தட்டினார். "லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராதும்மா! இருபது வருஷமா புத்தகத்துல மட்டும்தான் பார்த்திருக்கேன்!" முகமெல்லாம் பல்லாக நர்ஸைக் கூப்பிட்டார். "எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிட்டு வாம்மா!"

ஸ்நேகா கணவனை முறைத்தாள்.

"பஞ்சாங்கம் பொய் சொல்லலடி," என்று முணுமுணுத்தான் அவன். "மகிழ்ச்சி யாருக்குன்னுதான் போடல."