இன்னைக்கும் நீங்கதான்

"வீட்டுக்காரர் மாடிப்படி விளக்கை ரிப்பேர் பண்ணல. வாடகைக்கு இருக்கிறவர் இருட்டுல விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டார். நஷ்டஈடு கொடுக்கணும்னு தீர்ப்பு. ஏன் அப்படி? இங்கிலீஷ்ல சொல்லுங்க பார்க்கலாம்."

டீச்சரின் பார்வை வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வழக்கமான இடத்தில் போய் நின்றது.

"இன்னைக்கும் நீங்கதான்."

பத்திர வக்கீல் எழுந்தாள்.

அந்தப் பயிற்சி மையத்தில் படிக்க வந்தவர்கள் எல்லோருமே வக்கீல்கள். வெளிநாட்டில் சட்ட மேல்படிப்புக்கு இடம் கிடைத்து, கிளம்புவதற்கு முன் சட்ட ஆங்கிலம் பழக வந்தவர்கள். அந்த ஊர்ப் பேராசிரியர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேள்வி கேட்பார்களாம். அதற்கான பயிற்சிதான் இது. ஆனால் இந்த டீச்சர் வந்த நாளிலிருந்து ஒரே ஆளைத்தான் எழுப்புகிறாள்.

பத்திர வக்கீல் கிரயப் பத்திரம், உயில் என்று எழுதியே பேர் வாங்கியவள். கோர்ட்டில் நின்று வாதாடிப் பழக்கமில்லை. இரண்டு வாக்கியம் சமாளித்தாள். மூன்றாவது பாதியிலேயே நின்றுபோனது.

"பரவால்ல. இப்போ வீட்டுக்காரர் பக்கம் நின்னு பேசுங்க."

கண் கலங்கிவிட்டது. அப்போதும் டீச்சர் உட்காரச் சொல்லவில்லை.

டீ இடைவேளையில் வெண்கலம் பொங்கிவிட்டார். அவர் கிரிமினல் வக்கீல். கணீரென்ற குரலுக்காக உடன் படித்தவர்கள் வைத்த பெயர்தான் வெண்கலம்.

"வாயில்லாப் பூச்சின்னா ஏறி மிதிக்கிறதா? இதைப் பார்த்துக்கிட்டு சும்மா இருந்தா நாமெல்லாம் என்ன வக்கீல்?"

"நேத்து பாத்ரூம்ல அழுதுட்டு இருந்தாங்க. நானே பார்த்தேன்," என்றாள் கம்பெனி வக்கீல். "எதுக்கும் அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவங்க எங்கம்மா வாயைத் திறக்கப் போறாங்க? வாங்க, பிரின்சிபாலைப் பார்ப்போம்."

பத்திர வக்கீல் முகம் கழுவப் போயிருந்த நேரத்தில், மற்ற எல்லோரும் பிரின்சிபால் அறைக்குள் நுழைந்தார்கள். வெண்கலத்தின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது.

"ஒரு பொம்பளையை நிக்க வெச்சு தினமும் அழ வைக்கிறாங்க சார். எழுப்பிக் கேள்வி கேக்குற இந்த வழக்கமே வேண்டாம். டீச்சரையும் மாத்துங்க."

பிரின்சிபால் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏன் மேடம் அவங்களையே கேக்குறீங்க?"

"காரணம் இருக்கு சார். ஆனா சொல்ல முடியாது."

"நீங்க தற்காலிகமாத்தான் சேர்ந்திருக்கீங்க. காரணம் சொல்லலைன்னா இந்த வேலையில உங்களை வெச்சுக்க முடியாது. தெரியுமில்ல?"

இந்த வேலைக்காக டீச்சர் நாயாய் அலைந்தவள். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "சரி சார்," என்று மட்டும் சொன்னாள்.

"பார்த்தீங்களா சார், பதிலே இல்ல," என்றார் வெண்கலம்.

கதவைத் தள்ளிக்கொண்டு பத்திர வக்கீல் உள்ளே வந்தாள். வராந்தாவிலேயே எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"பயப்படாம சொல்லுங்கம்மா," என்றார் பிரின்சிபால். "இவங்க உங்களைக் கொடுமைப்படுத்துறாங்களா?"

அவள் பேச ஆரம்பித்தாள். வந்தது ஆங்கிலம். ஒரே மூச்சில், எங்கேயும் தடுக்கி விழாமல் சொல்லி முடித்தாள். அவள் சொன்னது இதுதான்:

"நான்தான் இவங்ககிட்ட கேட்டுக்கிட்டேன் சார். அங்க போய் எல்லார் முன்னாடியும் ஊமை மாதிரி நின்னுடுவேனோன்னு பயம். தினமும் என்னையே எழுப்புங்க, நான் அழுதாலும் விடாதீங்கன்னு கெஞ்சினேன். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியமும் வாங்கினேன். தப்பு இவங்க மேல இல்ல."

நடுவில் ஒன்றிரண்டு பிழை இருந்தது. டீச்சர் எதையும் திருத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

"வேலை போனாலும் சொல்ல மாட்டீங்களா மேடம்?" என்றார் பிரின்சிபால்.

"வக்கீல்களுக்குப் பாடம் எடுக்குறேன் சார். நம்பிச் சொன்னதை வெளிய விட்டா நல்லா இருக்குமா?"

பிரின்சிபால் வெண்கலத்தின் பக்கம் திரும்பினார். "ஏன் சார், கட்சிக்காரரைக் கேக்காமலே கேஸ் எடுத்துட்டீங்களா?"

அறையே சிரித்தது. எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. பத்திர வக்கீல் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீங்க பாடத்தைப் பாருங்க மேடம், வேலைக்கு நான் பொறுப்பு," என்று பிரின்சிபால் எல்லோரையும் வகுப்புக்கு அனுப்பிவைத்தார்.

வெண்கலம் மட்டும் வராந்தாவில் தயங்கி நின்றார்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். நல்ல மனசோடதானே வந்தீங்க?" என்றாள் டீச்சர்.

"நல்ல மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு என்னை எழுப்பிடுவீங்கன்னு தினமும் பயம், எனக்கு இங்கிலீஷ் வாயில வராது. அந்த வழக்கமே ஒழியட்டும்னுதான் அவங்க பேரைச் சொல்லிக் கத்தினேன்."



வெண்கலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கோர்ட்டையே அதிரவைக்கும் குரல், பக்கத்தில் நின்ற டீச்சருக்கு மட்டுமே கேட்கும் அளவுக்கு இறங்கியது.

"நாளையிலேர்ந்து என்னை எழுப்புங்க மேடம். அழுதாலும் விடாதீங்க. நான் கேட்டேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."