சகலை வாங்கிய பேஸ் மாடல்

"பல்லைப் புடுங்கிப் புடுங்கிச் சம்பாதிக்கிறார். கடைசியில வாங்கினது என்னவோ பேஸ் மாடல்!"

மாமனார் வீட்டு வாசலில் நின்ற புது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பெயிண்ட் கடைக்காரர் மனைவியின் காதைக் கடித்தார். வாயெல்லாம் பல் அவருக்கு.

வண்டிக்குச் சொந்தக்காரர் அவருடைய சகலை. மச்சினியின் கணவர், பல் டாக்டர்.

"பின்னாடி பாரு, மொட்டையா இருக்கு. நம்மகிட்ட இருக்கிற இதே வண்டியில டாப் மாடல் எழுத்து எப்படி மின்னுது! இதுல கூரைக்குக் கறுப்பு ஸ்டிக்கர் வேற ஒட்டியிருக்காராம். கஞ்சனுக்கு வந்த ஆசையைப் பாரு."

"உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குள் டாக்டரே வந்துவிட்டார்.

"என்னண்ணா, வண்டி எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு டாக்டர். ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த வண்டியோட ஜாதகமே என் கையில இருக்கு. முதல்ல வந்தப்போ பீரோவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கும். வாங்கினேன். அப்புறம் கம்பெனிக்காரன் கண்ணைச் சுருக்கி, மூக்கைத் தூக்கி விட்டான். அதையும் விடலை. இப்போ மூணாவது பிறவி! எடுத்தா டாப்தான் எடுக்கணும். கீழ் மாடல்ல என்ன இருக்கு? நாலு சக்கரம், ஒரு ஹாரன். நடு மாடல்னா போனாப் போகுதுன்னு ஒரு கேமரா தருவான். டாப்புக்குப் போனாத்தான் சீட்டுக்குள்ள குளுகுளு காத்து, தலைக்கு மேல வானம்!"

"நமக்கு எதுக்குண்ணா வானம்? வீட்டுக்கும் கிளினிக்குக்கும் போய் வந்தாப் போதும்."

மாமனார் நாற்காலியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பெரிய மாப்பிள்ளை எதுலயும் ஒரு படி மேலதான்" என்றார்.

பெயிண்ட் கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

சாயங்காலம் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குக் கிளம்பினார்கள். மாமனார் சின்ன மாப்பிள்ளையின் வண்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பெரிய மாப்பிள்ளையின் முன்சீட்டில் சாய்ந்துகொண்டார்.

"மாப்பிள்ளை, அந்த வானத்தைக் கொஞ்சம் திறங்க, பார்ப்போம்."

பெயிண்ட் கடைக்காரர் சீட் பெல்ட்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

வானம் இருந்தால்தானே திறப்பதற்கு! வியாபாரம் படுத்துக்கிடந்த நேரத்தில் வாங்கிய வண்டி அது. கீழிருந்து இரண்டாவது மாடல். மாமனார் வீட்டில் மட்டம் தட்டிவிடுவார்களே என்று, கார் சாமான் கடையில் அந்த எழுத்துகளை வாங்கி வந்து, ராவோடு ராவாகத் தானே ஒட்டிக்கொண்டார். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

"அது வந்து மாமா... மோட்டார்..."

"சரி, சீட்டுக் காத்தையாவது போடுங்க."

"அதுவும்... அது பாருங்க..."

பெயிண்ட் விற்பவரின் சாயமே வெளுக்கப் போன நேரம், ஜன்னலில் டாக்டரின் தலை தெரிந்தது.

"என்ன மாமா, இந்தக் காத்துல கூரையைத் திறக்கச் சொல்றீங்க? ராத்திரி முழுக்கத் தும்மப் போறீங்க. குளிர் சீட்டு உங்க இடுப்புக்கு ஆகவே ஆகாது. டாக்டர் சொல்றேன், கேளுங்க."

"நீங்க பல் டாக்டர்தானே மாப்பிள்ளை?"

"பல்லும் எலும்பும் பங்காளிங்கதானே மாமா!"

மாமனார் குலுங்கிச் சிரித்தார். வானத்தை மறந்தார். வண்டி கிளம்பியது.

'நல்லவேளை, சகலை ஒரு வெகுளி' என்று பெருமூச்சு விட்டார் பெயிண்ட் கடைக்காரர். வழியெல்லாம் எஞ்சினின் பெருமையைப் பேசி, மாமனார் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டார்.

ஏரிக்கரையில் கால் மணி நேரம் நடந்திருக்க மாட்டார்கள். வானம் இருட்டிக்கொண்டு தூற ஆரம்பித்தது.

"அத்தான், எங்க வண்டியில குடை இருக்கு. எடுத்துட்டு வர்றீங்களா?" என்று மச்சினி சாவியை நீட்டினாள்.

பெயிண்ட் கடைக்காரர் ஓடிப்போய் டாக்டரின் வண்டியில் ஏறினார். உள்ளே இருட்டு. வண்டியை ஆன் செய்து, விளக்குக்காகத் தலைக்கு மேல் தட்டுப்பட்ட பட்டனை அழுத்தினார்.

விளக்கு எரியவில்லை. ஸ்டிக்கர் என்று சொன்ன அந்தக் கறுப்புக் கூரை சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது.

மூக்கின் மேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் வானம். உட்கார்ந்த இடத்தில் குளுகுளுவென்று காற்று.

பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்கும் குழியில் ஏதோ மின்னியது. எடுத்துப் பார்த்தார். பக்குவமாக உரித்தெடுத்த டாப் மாடல் எழுத்துகள். பின்பக்கப் பசைகூட இன்னும் காயவில்லை.

அவற்றை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. நனைந்தபடி டாக்டர் நின்றார்.

"டாக்டர்... உங்களுக்கு எப்படி..."

"ரெண்டு பேரும் ஒரே ஷோரூம்தானேண்ணா. நீங்க எடுத்தது எந்த மாடல்னு அங்க பேச்சுவாக்குல சொல்லிட்டாங்க."

"அதுக்காக நீங்க எதுக்கு இதை..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று டாக்டர் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முதல்ல கூரையை மூடுங்கண்ணா, மாமா வர்றார்!"